இரண்டடி நீரும் ஒரு கணக்கும்

எங்கள் நெல்லியடியிலே ஆறு இல்லை. பக்கத்திலே தொண்டைமானாறு என்று ஒன்று இருக்கிறதே என வாசகர் கேட்கக்கூடும். அது பெயரளவில்தான் ஆறு. உள்ளபடி கடலோடு தொடுத்துக் கிடக்கும் நீரேரி. யாழ்ப்பாணக் குடாநாடு முழுவதையும் தேடினாலும் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றுகூட அகப்படாது. வானம் பொழிவதும், அதைச் சுண்ணாம்புக்கல் குடிப்பதும், கிணறு அதைத் திருப்பித் தருவதுமே எங்கள் நீரின் கதை. ஆகையால் ஆற்று வெள்ளத்தைப் பற்றி நெல்லியடிக்காரன் ஒருவன் எழுதப் புகுவது, நீந்தத் தெரியாதவன் கப்பலோட்டுவதைப் பற்றி உபந்நியாசம் செய்வது போலத் தோன்றலாம்.

ஆனால் என் அக்கா வாழ்க்கைப்பட்டது ஆறுள்ள நாட்டிலே. கிளிநொச்சிக்குக் கிழக்கே, கண்டாவளைப் பக்கத்தில், கனகராயன் ஆறு கடலை நோக்கிச் செல்லும் தாழ்ந்த நிலத்தில் அவர்களுடைய வீடு இருக்கிறது. அத்தான் இரணைமடுக் குளத்தின் கீழ் வயல் செய்யும் கமக்காரர். குளமே அவர்களுக்குச் சோறு. குளமே அவர்களுக்கு அச்சமும். இதை நான் ஏட்டிலே படித்து அறியவில்லை, 2018ஆம் ஆண்டு மார்கழியிலேதான் அறிந்தேன்.

அது திருவெம்பாவைப் பூசை நடக்கும் காலம். டிசம்பர் 21ஆந் திகதி இரவு முழுதும் வன்னியிலே இடைவிடாத மழை. மறுநாள் விடியற்காலை, கோயில் மணியோசை ஓய்ந்து சற்று நேரத்தில் தொலைபேசி ஒலித்தது. அக்கா பேசினாள். “தம்பி, வாசல்படிக்கு மேலே தண்ணி வந்திட்டுது. பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போறம். அத்தான் மாடுகளை அவிட்டுவிடப் போனவர், இன்னும் வரேல்லை” என்றாள். அதன்பின் தொடர்பு அறுந்துவிட்டது. அத்தான் வந்து சேர்ந்தார் என்ற செய்தி எனக்குக் கிடைக்க நண்பகல் ஆயிற்று. அந்த ஆறு மணி நேரம் நான் என்ன செய்தேன் என்று இன்று கேட்டால் எனக்கு நினைவில்லை.

உயிர்கள் தப்பின. மாடுகளிலே இரண்டு போயின. கதிர் தள்ளும் பருவத்திலிருந்த காலபோகப் பயிர் சேற்றுக்குள் மூழ்கியது. கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் ஆயிரக்கணக்கான குடும்பங்களின் கதை இதுவே. குளத்தின் வான்கதவுகளை எப்பொழுது திறந்திருக்க வேண்டும் என்ற வாதம் பின்னர் எழுந்தது, விசாரணையும் நடந்தது. அதிலே தீர்ப்புக் கூறுவது என் தகுதிக்கு மேற்பட்டது. ஆயினும், கணிதம் கற்பிக்கும் ஒருவனுக்கு அந்த வாதத்தின் அடியிலே ஒரு கேள்வி ஒளிந்திருப்பது தெரிந்தது. வெள்ளத்தைத் தாங்க வேண்டுமாயின் ஒரு குளத்திலே எவ்வளவு இடம் காலியாக இருக்க வேண்டும்?

தை மாதம் பாடசாலை தொடங்கியதும் உயர்தர வகுப்பு மாணவர்களிடம் இந்தக் கேள்வியை வைத்தேன். “சேர், எவ்வளவு மழை பெய்யும் எண்டு தெரியாமல் எப்பிடிக் கணக்குப் பண்ணுறது?” என்று ஒருவன் கேட்டான். கேள்வி நியாயமானது. மழையை முன்கூட்டி அறிய இயலாது. ஆனால் இவ்வளவு பெய்தால் என்ன நேரும் என்று கணக்கிடலாம். பொறியியலாளர் செய்வதும் அதுவே. நாங்களும் கரும்பலகையிலே தொடங்கினோம்.

முதலாவது, நீரேந்து பரப்பு. இரணைமடுவுக்கு நீர் வந்து சேரும் நிலம் ஏறத்தாழ 588 சதுர கிலோமீற்றர், அதாவது 227 சதுர மைல். அந்த நிலத்தின் மேல் ஒரு நாளிலே 300 மில்லிமீற்றர் மழை பெய்கிறது என்று வைத்துக்கொண்டோம். வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் உருவாகும் காலங்களில் இவ்வளவு மழை வடக்குக்கு நடவாத காரியமன்று. பரப்பை மழையின் உயரத்தாற் பெருக்கினால் 176 மில்லியன் கன மீற்றர் வருகிறது. இதிலே பாதியை மண்ணும் மரமும் மேற்புறத்துச் சிறு குளங்களும் பிடித்துக்கொள்கின்றன என்று கொண்டால், எஞ்சிய 88 மில்லியன் கன மீற்றர் இரணைமடுவை வந்தடையும்.

இனிக் குளத்தைப் பார்ப்போம். பல தசாப்தங்களாக அதன் கொள்ளளவு சுமார் 131 மில்லியன் கன மீற்றராக இருந்தது. 2018இன் வெள்ளத்துக்கு முந்திய புனரமைப்பில் முழு நீர்மட்டம் 34 அடியிலிருந்து 36 அடிக்கு உயர்த்தப்பட, அது ஏறத்தாழ 148 மில்லியன் ஆயிற்று. அந்த மழையின் நீரை ஒரு துளியும் வெளியே விடாமல் விழுங்க வேண்டுமாயின் குளத்திலே பாதிக்கு மேல் காலியாக இருத்தல் வேண்டும். எந்த மாதத்திலே? குளம் நிரம்ப வேண்டிய அதே மார்கழி மாதத்திலே!

இந்த விடையை வகுப்பு முடிந்த அன்று மாலையே அத்தானுக்குத் தொலைபேசியிற் சொன்னேன். மறுமுனையில் சிறிது நேரம் ஒலியே இல்லை. பிறகு, “தம்பி, மார்கழியிலே பாதிக் குளத்தோடை இருந்தால் சித்திரையிலே நாங்கள் என்னத்தை விதைக்கிறது? வெள்ளம் பத்து வருஷத்துக்கு ஒருக்கால் வரும்; பசி வருஷா வருஷம் வரும்” என்றார். அதற்குள் அக்கா தொலைபேசியை வாங்கி, “அவர் சொல்லுறதைக் கேளாதை. போன மாசம் வயித்துக்கு மேலே தண்ணியிலே நிண்டது நான்” என்றாள். ஒரே வீட்டிலே, ஒரே குளத்தைப் பற்றி, இரண்டு நியாயங்கள். இரண்டும் மெய்.

உலகம் முழுவதும் இந்த வழக்கு உண்டு. பாசனத்துக்குக் கட்டப்பட்ட குளம் நிரம்பியிருந்தாற்றான் பயன். வெள்ளத்தடுப்புக்குக் கட்டப்பட்ட குளம் வெறுமையாயிருந்தாற்றான் பயன். ஒன்றையே இரண்டுக்கும் வைத்துக்கொள்வது, ஒரு பாத்திரத்தைப் பாற்குடமாகவும் குப்பைக்கூடையாகவும் வைத்துக்கொள்வதை ஒக்கும். எதற்கு எந்த நேரம் என்று வரையறுத்தாலன்றி வீடு நடவாது.

அமெரிக்காவில் டேற்றன் என்றொரு நகரம் உண்டு. 1913ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் மயாமி ஆறு பெருகி அந்நகரை மூழ்கடித்தது. அப்பள்ளத்தாக்கில் முந்நூறுக்கு மேற்பட்டோர் இறந்தனர். ஆதர் மோர்கன் என்னும் பொறியியலாளர் அங்கே ஐந்து அணைகளைக் கட்டுவித்தார். 1922இல் வேலை முடிந்தது. அந்த அணைகளுக்குப் பின்னால் சாதாரண நாட்களிலே நீரே இல்லை. ஆறு அணையின் அடியிலுள்ள வாயில்களினூடே தன்பாட்டிற் செல்லும். அணைக்குப் பின்னாலுள்ள நிலத்தில் உழவர் பயிர் செய்வர். பெருவெள்ளம் வரும்போது வாயிலுக்கு மிஞ்சிய நீர் தானாகவே பின்னாலே தேங்கி, மெல்ல மெல்ல வடியும். திறக்கவும் மூடவும் கதவில்லை. ஆதலால் யார் எப்போது திறப்பது என்ற வழக்கும் இல்லை. 1913இல் வந்த வெள்ளத்தைப் போல இன்னும் நாற்பது வீதம் கூடுதலாக வந்தாலும் தாங்கும்படி அவற்றை அமைத்தார்கள். அந்த நாற்பது வீதத்தை வாசகர் நினைவில் வைத்துக்கொள்க; பின்னர் அதற்கு வருவேன்.

அத்தகைய வெறுங்குளம் கட்டும் செல்வம் வறண்ட நாடுகளுக்கு இல்லை. சென்னை மாநகர் அதற்குச் சாட்சி. செம்பரம்பாக்கம் ஏரியின் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. நகருக்குக் குடிநீர் தருவது அது; ஆகவே நிரம்பியிருக்க வேண்டும் என்பதே எல்லாருடைய ஆசையும். 2015 டிசம்பர் 1, 2ஆந் திகதிகளில் பெருமழை கொட்டியபோது அதிலிருந்து செக்கனுக்கு 29,000 கன அடி நீர் அடையாற்றிலே விடப்பட்டது. அந்த வேகத்தில் ஒரு நாள் முழுவதும் விட்டால் எவ்வளவு என்று என் மாணவர்களைப் பெருக்கச் சொன்னேன். 2,500 மில்லியன் கன அடிக்குச் சற்று மேலே வந்தது. அதாவது ஏரியின் முழுக் கொள்ளளவிலே மூன்றில் இரண்டு பங்குக்கு மேல்! நிரம்பிய ஏரி வெள்ளத்தைத் தடுக்கும் என்று நம்புவது எவ்வளவு பேதைமை என்பதை அந்த ஒரு பெருக்கல் காட்டிற்று.

அப்படியாயின் வெள்ளத்துக்கும் பாசனத்துக்கும் பொதுவாகக் குளம் இருக்கவே முடியாதா? முடியும். ஆனால் கேள்வியைச் சிறிது மாற்றிக் கேட்க வேண்டும். வெள்ளம் முழுவதையும் விழுங்குவது எப்படி என்று கேட்கலாகாது. அதன் உச்சத்தை மட்டும் வெட்டுவது எப்படி என்று கேட்க வேண்டும். கீழே ஆறு கரைமீறாமல் கொண்டுசெல்லத்தக்க அளவு ஒன்று உண்டன்றோ? அந்த அளவை விட்டுக்கொண்டே, அதற்கு மிஞ்சியதை மட்டும் குளம் தாங்கினாற் போதும்.

இதற்கு வரைபுத்தாளில் ஒரு படம் வரைந்தோம். குறுக்கே நேரம், நெடுக்கே செக்கனுக்கு வரும் நீர். மெல்லத் தொடங்கி, உச்சத்துக்கு ஏறி, மீண்டும் இறங்கும் வெள்ளத்தை எளிமைக்காக ஒரு முக்கோணமாகக் கொண்டோம். முக்கோணத்தின் அடி 36 மணி நேரம். அதன் பரப்பு 88 மில்லியன் கன மீற்றர். எனவே உச்சி செக்கனுக்கு ஏறத்தாழ 1,360 கன மீற்றராக அமைந்தது. கீழாறு தீங்கின்றித் தாங்கும் அளவை 500 என்று வைத்துக்கொண்டு அந்த உயரத்தில் ஒரு கோடு இழுத்தோம். இந்த 500 வகுப்பறைக்காக நாங்கள் எடுத்துக்கொண்ட எண்ணேயன்றி ஆற்றை அளந்து கண்டதன்று. கோட்டுக்கு மேலே எஞ்சிய சிறு முக்கோணமே குளத்தில் வேண்டப்படும் இடம். அதன் பரப்பைக் கணித்தால் 35 மில்லியன் கன மீற்றர் வந்தது. 88 எங்கே, 35 எங்கே! வகுப்பிலே ஒரு மகிழ்ச்சி ஆரவாரம் எழுந்தது.

“இன்னும் குறைக்கலாம் சேர்” என்றாள் பின்வரிசையிலிருந்த ஒரு மாணவி. “மழை வரப்போகுது எண்டு அரை நாளுக்கு முன்னமே தெரிஞ்சால், அப்பவே 500ஐத் திறந்துவிடலாந்தானே?” நான் அந்த வழியை நினைத்திருக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். செக்கனுக்கு 500 கன மீற்றர் வீதம் பன்னிரண்டு மணி நேரம் விட்டால் 21.6 மில்லியன் கன மீற்றர் வெளியேறும். முப்பத்தைந்திலிருந்து அதைக் கழித்தால் எஞ்சுவது 13 மில்லியன் சொச்சமே. பன்னிரண்டு மணி நேர முன்னறிவு, 21 மில்லியன் கன மீற்றர் கொள்ளளவுக்குச் சமம்! அவ்வளவு கொள்ளளவை மண்ணாலும் கல்லாலும் கட்டப் புகுந்தால் எத்தனை கோடி செலவாகும் என்று எண்ணிப்பாருங்கள். ஒரு மழைமானியும், அதைப் பார்க்க ஓர் ஆளும், அவர் சொல்வதை நம்பி உடனே கதவைத் திறக்க அதிகாரம் பெற்ற இன்னோர் ஆளும் இருந்தால், அந்த இடம் ஏறக்குறைய இலவசமாகக் கிடைக்கிறது. வெள்ளம் வருமுன் அணை கோல வேண்டும் என்பது நம் முன்னோர் வாக்கு. அணை கோலினாற் போதாது. வெள்ளம் வருமுன் அணைக்குள்ளே இடமும் கோல வேண்டும்.

இந்த மகிழ்ச்சியோடு பாடத்தை முடித்திருக்கலாம். ஆனால் கணக்கு ஆசிரியனுக்கு ஒரு கடமை உண்டு: விடை இனிமையாக வந்தால் எடுகோளைச் சந்தேகிக்க வேண்டும். மழையிலே பாதியை மண் குடிக்கும் என்று கொண்டோமே, அது எந்த மண்? ஐப்பசியில் வறண்டு கிடக்கும் மண் குடிக்கும். ஆனால் மார்கழியின் நடுப்பகுதியில், இரண்டு மாத மழையிலே ஊறிய பின்னர், மேற்புறத்துச் சிறு குளங்களும் நிரம்பி வான் பாயும் வேளையில், அந்த மண் பாதியைக் குடிக்குமா? நூற்றுக்கு எழுபது பங்கு வழிந்தோடும் என்று மாற்றிக் கணித்தோம். குளத்துக்கு வரும் நீர் 88இலிருந்து 123 மில்லியன் ஆயிற்று. வரவு கூடியது நாற்பது வீதம். வேண்டப்படும் இடமோ 35இலிருந்து 67 மில்லியனாயிற்று. ஏறத்தாழ இரு மடங்கு! கீழாறு கொண்டுசெல்லும் அளவு மாறாமல் நிற்க, கூடிய நீரிற் பெரும்பகுதி குளத்தின் தலையிலே விழுவதே இதற்குக் காரணம். டேற்றனிலே மோர்கன் ஏன் நாற்பது வீதம் கூட்டி வைத்தார் என்பது அந்தக் கணத்திலேதான் எனக்கு விளங்கியது. மதிப்பீட்டிலே சிறு பிழை நேர்ந்தால் விளைவிலே பெரும் பிழை நேரும் இடம் இது.

மதிப்பீடு சரியாகவே இருந்தாலும் அதை நிறைவேற்றுதல் வேறொரு காரியம். வங்காளத்துத் தாமோதர் ஆற்றின் கதை அதைச் சொல்லும். 1943இன் வெள்ளத்துக்குப் பின்னர், அமெரிக்காவின் தெனிசிப் பள்ளத்தாக்கு நிறுவனத்திலிருந்து வந்த வூர்டுயின் என்பவர் ஒரு பெருந்திட்டம் வகுத்தார். அவர் வரைந்த அணைகள் பல. முதலில் எழுந்தவை திலையா, கோனார், மைதோன், பஞ்சேத் என்னும் நான்கே. 1953இலிருந்து 1959 வரை அவை கட்டி முடிந்தன. அவற்றிலே வெள்ளத்துக்கென ஒதுக்கப்பட்ட இடம் 1,292 மில்லியன் கன மீற்றர். செக்கனுக்கு 18,395 கன மீற்றர் உச்சமுள்ள வெள்ளத்தை 7,079 ஆகக் குறைக்கும் என்பது கணக்கு. ஆனால் நீர் தேங்க வேண்டிய நிலம் முழுவதையும் எடுக்க இயலாமற் போயிற்று. ஆறு கொண்டுவந்த வண்டலும் ஆண்டாண்டு இடத்தைத் தின்றது. 1978இலே கீழ்த்தாமோதர்ப் பகுதி மீண்டும் பெருவெள்ளத்திலே கிடந்தது. காகிதத்திலே ஒதுக்கிய இடம் வேறு. மழை வரும் இரவிலே மெய்யாகக் காலியாக இருக்கும் இடம் வேறு.

நமது நாட்டிலும் பாடங்கள் இல்லாமற் போகவில்லை. 1957 டிசம்பர் வெள்ளத்தில் நாச்சதுவைக் குளம் உடைப்பெடுத்தது. 1986 ஏப்ரலில், வெள்ளமே இல்லாத வேளையில், கந்தளாய்க் குளத்தின் கட்டு உடைந்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். ஆகவே குளத்தை விளிம்பு வரை நிரப்பி வைத்தல் கீழுள்ளாருக்கு மட்டுமன்றிக் கட்டுக்கும் ஒரு சோதனைதான். 2025 நவம்பர் இறுதியிலே டித்வாப் புயல் நாட்டை வருத்தியபோது இந்தக் கேள்விகள் எல்லாம் மீண்டும் உயிர்பெற்றன.

இனி என் வகுப்பிற்கு மீள்கிறேன். முதற் கணக்கின்படி, அரை நாள் முன்னறிவோடு நமக்கு வேண்டிய இடம் 13 மில்லியன் கன மீற்றர் சொச்சம். இரணைமடுவிலே புதிதாக உயர்த்திய இரண்டடியிலே அடங்குவதோ ஏறத்தாழ 17 மில்லியன். அதாவது மார்கழி மழை முடியும் வரை அந்த மேல் இரண்டடியைக் காலியாக வைத்திருந்தால், நாங்கள் எண்ணிய வெள்ளத்தைக் குளம் தாங்கிவிடும். ஊறிய மண்ணின் வெள்ளத்தைத் தாங்காது. ஆனால் அதன் உச்சியையும் ஓரளவு தணிக்கும்.

“அப்ப அந்த இரண்டடியும் ஆருக்குச் சொந்தம் சேர்?” என்று முதற்கேள்வி கேட்ட அதே மாணவன் கேட்டான். கரும்பலகைக்கு முன்னே நான் வாயடைத்து நின்றேன்.

ஏனெனில் அந்த இரண்டடிக்கு உரிமை கோருவோர் மூவர். அத்தானைப் போன்ற கமக்காரர் ஒருவர். ஓர் ஏக்கர் சிறுபோக நெல்லுக்கு ஐந்து ஏக்கர் அடி நீர் வேண்டும் என்பது அவர் கைக்கணக்கு. 13 மில்லியன் கன மீற்றர் பத்தாயிரம் ஏக்கர் அடிக்கு மேல். எனவே, பின்மழை பொய்த்தால், இரண்டாயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட சிறுபோகம் போய்விடும். என் அக்காவைப் போல ஆற்றோரத்திலே வாழ்பவர் இரண்டாமவர். அவர்களுக்கு அந்த இரண்டடி வீட்டு வாசற்படி. மூன்றாமவர் யார்? நாங்கள்தாம்! இரணைமடு நீரை யாழ்ப்பாணத்துக்குக் குடிநீராகக் கொண்டுவர வேண்டும் என்ற திட்டம் எத்தனை ஆண்டு பேசப்பட்டது! குளத்தை உயர்த்தும் பேச்சிலே அந்த எண்ணமும் கலந்திருந்தது. வன்னிக் கமக்காரர் மறுத்தனர். எங்கள் கிணறுகள் உவர்க்கும்போது நாங்கள் அவர்கள்மேற் கோபித்தோம். இறுதியிலே கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் வடமராட்சி கிழக்கில் தாளையடியிலே 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் அதன் அளவு. வழக்கு ஓரளவு தணிந்தது.

ஒன்றை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை. இரணைமடுவிலே வான் பாயும் நீர் எங்கே செல்கிறது? கனகராயன் ஆற்றின் வழியே ஆனையிறவு நீரேரியை அடைந்து, சுண்டிக்குளத்தருகே கடலோடு கலக்கிறது. அந்த நீரேரியை நன்னீராக்கி, முள்ளியானிலே ஒரு வாய்க்கால் வெட்டி வடமராட்சி நீரேரிக்குக் கொண்டுவந்து, தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் தடுப்பணை இட்டுக் குடாநாட்டின் நிலத்தடி நீரை வளப்படுத்தலாம் என்று நீர்ப்பாசனப் பொறியியலாளர் ஆறுமுகம் 1950களிலே திட்டம் வகுத்தார். சில பகுதிகள் கட்டப்பட்டன, முழுமை பெறவில்லை. அக்காவின் வீட்டுக்குள்ளே புகுந்து மாட்டையும் பயிரையும் கொண்டுபோன அந்த நீர், இந்தத் திட்டம் நிறைவேறியிருந்தால் என் வீட்டுக் கிணற்றை இனிப்பாக்கியிருக்கக் கூடிய நீர். அவளுக்கு மிகையானது எனக்குக் குறைவானது. இடையிலே ஒரு வாய்க்கால்தான் இல்லை. வெள்ளத்துக்கு இடம் தேடுவோர் குளத்துக்குள்ளே மட்டும் தேட வேண்டுமென்பதில்லை. குளத்துக்குக் கீழேயும் தேடலாம்.

மாணவனின் கேள்விக்கு அன்று விடை சொல்லவில்லை. பல மாதம் கழித்தே எனக்கு ஒரு விடை தோன்றியது. கணக்கு, இரண்டடி வேண்டும் என்று சொல்லும். அது யாருடைய இரண்டடி என்று சொல்லாது. அதை மனிதர் கூடிப் பேசித்தான் தீர்க்க வேண்டும். நாட்காட்டியைப் பார்த்து, இந்தத் திகதி வரை இந்த மட்டத்துக்கு மேல் நீர் நிற்றல் ஆகாது, இந்தத் திகதிக்குப் பின் நிரப்பலாம் என்று முன்கூட்டியே எழுதி, குளக்கட்டிலே யாவரும் காண வைக்கலாம். அப்படி வைத்தபின் பின்மழை பொய்த்துச் சிறுபோகம் குறைந்தால், அந்த நட்டத்தைக் கமக்காரன் தனியே சுமக்கலாகாது. அவன் நீரை விட்டுக்கொடுத்தது அயலவனின் வீட்டைக் காக்க. ஆகவே அந்த விலையை ஊரும் நாடும் பகிர வேண்டும். வெள்ளம் வந்தபின் கொடுக்கும் நிவாரணத்திலே ஒரு பங்கை வெள்ளம் வராமற் காத்தவனுக்குக் கொடுப்பது நியாயமன்றோ?

இதைச் சென்ற விடுமுறையிலே அத்தானிடம் சொன்னேன். வரைபுத்தாளையும் கொண்டுபோயிருந்தேன். அவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு முக்கோணத்தை நெடுநேரம் பார்த்தார். “நட்டத்துக்கு ஆரும் பொறுப்பு எண்டு எழுத்திலே தந்தால், ஒரு அடி விடலாம்” என்றார். “ஒரு அடியோ? இரண்டடி!” என்று குசினிக்குள்ளிருந்து அக்கா குரல் கொடுத்தாள். அவர் சிரித்துக்கொண்டு, “சரி, ஒண்டரை” என்றார்.

ஒன்றரை அடி என்பது எங்கள் வகுப்பு கண்ட 13 மில்லியன் சொச்சத்துக்கு ஏறக்குறையச் சரியாக வருகிறது என்பதை அவர் அறியமாட்டார். நானும் சொல்லவில்லை. நெல்லியடிக்குத் திரும்பியதும் அந்த விடையை என் மாணவர்களுக்குச் சொல்லலாம் என்று எண்ணினேன்; ஆனால் அவர்கள் பல்கலைக்கழகத்துக்கும் பிற நாடுகளுக்கும் சென்றுவிட்டார்கள். அவர்களிலே யாராவது ஒருவர் பொறியியலாளராகி ஒரு குளத்தின் கதவருகே நிற்கும் இரவு வருமாயின், கீழே ஒரு வீட்டிலே யாரோ ஒருத்தி வாசற்படியைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்பதையும், மேலே ஒருவன் சித்திரை விதைப்பை எண்ணிக்கொண்டிருக்கிறான் என்பதையும் ஒருங்கே நினைவார் என்று நம்புகிறேன். இதைப் படிக்கும் மாணவர்களுக்கும் என் வேண்டுகோள் அதுவே. மார்கழி வரும்போதெல்லாம் நான் இன்றும் காலையிலே முதலில் கேட்பது அக்காவின் சுகத்தையன்று, குளத்தின் மட்டத்தையே. அவளும் அதைத் தப்பாக எண்ணுவதில்லை.